அம்மாவின்ர முழங்காலும் எள்ளில இருக்கிற செசமினும்: கப்சூல் வாங்கலாமா?

முல்லைமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. நாங்கள் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறம். ரெண்டு வருசமா அவவுக்கு வலது முழங்கால் நோவு. ஆறு மாதமா இடதும் சேர்ந்திட்டுது. கிளினிக்கில எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திட்டு "சவ்வு தேஞ்சிருக்கு, வயசுக்கு வாறதுதான்" எண்டு சொல்லி ஒரு மாதத்துக்குக் குளிசை தந்தவை.

விடிய எழும்பினவுடன கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிப்பா. முதல் நாலடிக்கு முகம் சுருங்கும், பிறகு இளகும். கிணத்தடிக்குப் போய் வந்தா மாறீடும், பின்னேரம் திரும்ப வரும். சிறுபோகத்து எள்ளை ஒவ்வொரு வருசமும் முத்தத்தில குந்தி இருந்து அவதான் புடைக்கிறவ. இந்த முறை சுளகை என்னட்டத் தந்திட்டு வாங்கில இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு அதைப் பார்க்க ஏலாமப் போச்சு.

கனடாவில இருக்கிற மாமா வைபரில ஒரு படம் அனுப்பினவர். எள்ளில இருந்து எடுத்த செசமின் எண்ட சாமானாம், மூட்டுக் கலங்களைப் பாதுகாக்கும் எண்டு விஞ்ஞானிகள் நிரூபிச்சிட்டினமாம். ஒரு மாதப் போத்தலின்ர விலை எங்களுக்கு ரெண்டு மாதச் சாமான் காசு. அவர் பாசத்திலதான் சொல்லுறார், அதில குறை இல்லை. ஆனா வீட்டில ரெண்டு மூட்டை எள்ளு கிடக்குது. உண்மையிலயே எள்ளுக்குள்ள அப்பிடி ஒண்டு இருக்குதோ? இருந்தா ஏன் போத்தலில வாங்க வேணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


வவுனிக்குளத்தான் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கலங்கள் பற்றி எனக்குத் தெரியாது. எள்ளு பற்றித் தெரியும். எங்கட மேட்டுக்காணியில எள்ளு விதைச்சா மழை கூடினாலும் பிழை, வெட்டப் பிந்தினாலும் பிழை. காய் வெடிச்சா எல்லாம் நிலத்துக்குப் போயிடும். அதால அடிக்காய் பழுக்கேக்கயே வெட்டி, கட்டாக் கட்டி, தலை மேல பார்க்க நிமித்தி வைச்சுக் காய விட்டு, படங்கு விரிச்சு அதுக்கு மேல தலைகீழாப் பிடிச்சுத் தட்டுவம். ஒரு கட்டைத் தட்ட மூண்டு தரம் குந்தி எழும்ப வேணும். ஒரு ஏக்கரில எத்தினை கட்டு எண்டு கணக்குப் பாருங்கோ. எங்கட பொம்பிளையளின்ர முழங்கால் எங்க போகுதெண்டு விளங்கும்.

அம்மாவைக் குந்த விடாதேங்கோ. அதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்.


நுணுக்குக்காட்டி எழுதியது:

முல்லைமகள், நான் உயிரியல் படித்தவள், டொக்டர் இல்லை. ஆனால் கலங்களை வளர்த்து அவற்றின் மேல் மூலிகைச் சாறுகளைப் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். அதனால் "நிரூபிச்சிட்டினம்" என்ற சொல்லைக் கண்டதும் எழுத வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கிளினிக்கில் சவ்வு என்று சொன்னது, நாங்கள் பள்ளிக்கூடத்தில் கசியிழையம் என்று படித்ததைத்தான். எலும்பும் எலும்பும் சந்திக்கிற இடத்தில் சில மில்லிமீற்றர் தடிப்பில் வழுவழுப்பாகப் போர்த்தியிருக்கும். அதற்குள் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கசியிழையம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வாய்க்கால் ஏறாத வயல்தான் நினைவு வரும். பக்கத்துக் காணியிலிருந்து ஊறி வருகிற தண்ணீரில் விளைகிற வயல் அது. மூட்டுக்குள் இருக்கிற பாய்பொருள் கசிந்துதான் சாப்பாடு போகிறது. அதுவும் நாங்கள் காலை மடக்கி நீட்டி நடக்கும்போதுதான் அமுங்கி விரிந்து நன்றாக உள்ளே போகும்.

அந்த வயலைப் பார்க்கிற ஆட்களும் கொஞ்சப் பேர்தான். பெரியவர்களின் கசியிழையத்தில் கலங்கள் கனவளவில் நூற்றுக்கு ஒரு சில வீதம்தான் இருக்கும். மிச்சம் எல்லாம் தண்ணீரும், கொலாஜன்-2 என்ற நார் வலையும், அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற அக்ரிக்கன் என்ற பெரிய மூலக்கூறும்தான். அந்தக் கொலாஜன் வலை இளமையில் ஒருக்கா நெய்யப்படுவது. அதில் பாதி மாறிப் புதிதாக வருவதற்கு 100 வருடத்துக்கு மேல் எடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னால், உங்கள் அம்மா இன்றைக்கு நடக்கிறது அவ பிள்ளையாக இருந்தபோது நெய்த வலையின் மேல்தான். அறுந்தால் திரும்ப நெய்ய ஆள் இல்லை. அதனால்தான் ஆய்வுக்காரர் "வளர்க்கிறது" என்பதை விட்டு, "பாதுகாக்கிறது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேய்வு என்கிறார்கள், ஆனால் டயர் தேய்கிறது போல வெறும் உராய்வு இல்லை இது. மூட்டுக்குள் அழற்சி வரும்போது இன்ரலூக்கின்-1 பீற்றா என்ற ஒரு செய்தி கலங்களுக்குப் போகும். அதைக் கேட்ட கலம், தானே நெய்த வலையை வெட்டுகிற நொதியங்களைச் சுரக்கத் தொடங்கும். எம்எம்பி-13 என்பது அதில் பேர்போன ஒன்று, கொலாஜன்-2 ஐ அறுக்கும். காவல்காரனே வேலியை வெட்டுகிற கதைதான்.

இனி எள்ளு. செசமின் உண்மையான பொருள்தான். லிக்னன் என்ற தாவரப் பொருள் வகை. எள்ளுக்குத்தான் அது பேர்போனது, பெயரே எள்ளிலிருந்து வந்தது. 100 கிராம் எள்ளில் வர்க்கத்தைப் பொறுத்துச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். 2012 இல் தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு ஒன்று இதைச் சோதித்தது. பன்றி மூட்டிலிருந்து கசியிழையத் துண்டுகளை எடுத்து, அவற்றின் மேல் அந்த இன்ரலூக்கினை விட்டு, கூடவே செசமினையும் விட்டுப் பார்த்தார்கள். செசமின் விட்ட துண்டுகளில் கொலாஜனும் அக்ரிக்கன் வகை மூலக்கூறுகளும் கரைந்து போவது குறைந்தது. மனிதக் கலங்களில் அந்த வெட்டுகிற நொதியங்கள், எம்எம்பி-1, 3, 13, குறைவாகச் சுரந்தன. செய்தியைக் கலத்துக்குள் கடத்துகிற பாதைகளில் பி38, ஜேஎன்கே என்ற இரண்டின் வேலையும் குறைந்தது. எலிகளின் முழங்காலைப் பப்பாசிப் பால் நொதியத்தால் பழுதாக்கிப் பார்த்தபோதும் செசமின் கொடுத்த எலிகளில் கசியிழையம் கூடத் தடிப்பாக நின்றது.

இவ்வளவும் உண்மை. மாமா அனுப்பிய படம் இதைத்தான் பிடித்திருக்கும். ஆனால் தட்டில் இருக்கிற கலத்துக்கு நாங்கள் செசமினை நேரே ஊற்றுகிறோம். அம்மா விழுங்கினால் அது குடலைத் தாண்டி ஈரலுக்குப் போகும். அங்கேயே பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடும். மிச்சம் குருதியில் கலந்து, குருதிக்குழாயே இல்லாத ஒரு இடத்துக்குள் கசிந்து போக வேண்டும். தட்டில் கண்ட அளவு முழங்காலுக்குள் போய்ச் சேரும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.


முல்லைமகள் எழுதியது:

அக்கா, எழுத்தெழுத்தா வாசிச்சன். "பிள்ளையா இருக்கேக்க நெய்த வலை" எண்டதை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அது கன தூரம் நடந்த வலை" எண்டா. 2009 இல ஒட்டுசுட்டானில இருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கால கடற்கரை வரைக்கும் என்னையும் தூக்கி, பானை சட்டியும் தூக்கி நடந்தவ.

அப்ப மனிசருக்குக் குடுத்து ஒருத்தரும் பார்க்கேல்லையோ?


நுணுக்குக்காட்டி எழுதியது:

பார்த்திருக்கிறார்கள், ஆனால் நான் அறிந்தவரை முழங்கால் தேய்வுக்குச் செசமினைப் பிரித்தெடுத்து இல்லை, எள்ளாகவே கொடுத்து. ஈரானில் முழங்கால் தேய்வு உள்ள 50 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு வழமையான மருந்து மட்டும், மற்றப் பாதிக்கு அதோடு நாளுக்கு 40 கிராம் எள்ளுத்தூள், இரண்டு மாதம். எள்ளுச் சாப்பிட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும், ஏனென்றால் கொடுத்தது சாப்பாடு. ஆனால் 50 பேர் என்பது சின்னக் கூட்டம். யார் எள்ளுச் சாப்பிடுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். நல்லது செய்யும் என்று நம்பிச் சாப்பிடுகிறவருக்கு வலி குறைவாகத் தெரிவது மனித இயல்பு. கசியிழையம் காப்பாற்றப்பட்டதா என்பதை இரண்டு மாதத்தில் காணவும் ஏலாது.

ஆகவே கப்சூல் கசியிழையத்தைக் காக்கும் என்று மனிதரில் காட்டியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எள்ளுச் சாப்பிடுவதை நான் மறிக்க மாட்டேன்.


மூலிகைமுற்றம் எழுதியது:

நான் சித்த மருத்துவம் படிச்சுக்கொண்டிருக்கிறன். நுணுக்குக்காட்டி அக்கா எழுதினது நல்லது, ஆனா ஒரு விசயத்தில எனக்கு மனவருத்தம். நாங்கள் இதை அழல் கீல்வாயு எண்டு சொல்லுவம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் பிள்ளை பெத்தவவுக்கும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் குடுக்க வேணும் எண்டு எங்கட அம்மம்மாமாருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? முடக்கொத்தானுக்கு முடக்கறுத்தான் எண்டு இருக்கிற பேரையே பாருங்கோ, முடக்கை அறுக்கிறது எண்டு அர்த்தம். எள்ளில இருந்து ஒரு மூலக்கூறைப் பிரிச்சு எடுத்து, பன்றிச் சவ்வில விட்டுப் பார்த்தாத்தான் அது மருந்தோ? வைத்தியத்தில எண்ணெயைக் காச்சிப் பூசுறம், ஒத்தடம் குடுக்கிறம், பத்தியம் சொல்லுறம். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யுது. ஒண்டை மட்டும் பிரிச்சுப் பார்த்தா முழுசு விளங்காது.


நுணுக்குக்காட்டி எழுதியது:

தங்கச்சி, உங்கள் மனவருத்தம் நியாயமானது. பிரித்து எடுத்ததால்தான் இன்றைக்கு இதே எள்ளை ஒருவர் போத்தலில் போட்டு எங்களுக்கே விற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல விடுங்கோ. பூசுகிற எண்ணெய் தோலையும் கொழுப்பையும் தாண்டிக் கசியிழையத்தைப் போய்த் தொடும் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. இளஞ்சூட்டு எண்ணெய் போட்டு உருவும்போது தசை இளகும், நோவு அடங்கும். அது கண்கண்ட பயன், அதை ஏன் குறைவாக நினைக்க வேண்டும்? நோவு அடங்கினால் அம்மா நடப்பா. நடந்தால் கசியிழையத்துக்குச் சாப்பாடு போகும். நீங்கள் "எல்லாம் சேர்ந்து" என்று சொல்வது இதைத்தான் என்றால் நான் உங்கள் பக்கம்.


மூலிகைமுற்றம் எழுதியது:

அதைத்தான் சொன்னனான் அக்கா. ஒரு எச்சரிக்கையையும் நானே சொல்லுறன்: முழங்கால் சிவந்து, சுட்டு, வீங்கி இருந்தா உருவக் கூடாது. அதுக்கு முதல் டொக்டரிட்டக் காட்ட வேணும்.


பண்டாரிகுளம் எழுதியது:

நான் வவுனியா. எள்ளும் செசமினும் இருக்கட்டும், அம்மா போடுற குளிசை என்னெண்டு முதல் சொல்லுங்கோ தங்கச்சி.

ஏன் கேக்கிறன் எண்டா, என்ர ஐயாவுக்கு முழங்கால் நோவு. கிளினிக்கில தந்தது ரெண்டு கிழமைக்குத்தான். முடிஞ்ச பிறகு அவர் வெறும் மட்டையைக் கொண்டுபோய்க் காட்டி ஒரு பாமசியில தானே வாங்கத் தொடங்கினார். ஒருத்தரும் டொக்டரின்ர துண்டு கேக்கேல்லை. மூண்டு வருசம். வயலுக்குப் போக முதல் ஒண்டு, வந்து ஒண்டு. கால் வீங்கேக்க நாங்கள் மூட்டு வீக்கம் எண்டுதான் நினைச்சம். முகமும் வீங்கினாப்பிறகுதான் இரத்தம் சோதிச்சது. இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் டயலிசிஸ்.

எங்கட பக்கத்தில ஏற்கனவே காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்குது. அநுராதபுரம், பொலநறுவைப் பக்கம் 1990களில கண்டுபிடிச்சது, வவுனியாவிலயும் இருக்குது. வெயிலில தண்ணி குடிக்காம வயலில நிண்டு வேலை செய்யிற சனம். அதுக்கு மேல இந்த நோக் குளிசையள். ஐயாவுக்கு எதால வந்ததெண்டு டொக்டர்மார் ஒண்டைச் சொல்லேல்லை. ஆனா அந்தக் குளிசை நல்லது செய்யேல்லை எண்டு மட்டும் வடிவாச் சொன்னவை.

எழுதேக்க கை நடுங்குது. ஆராவது வாசிச்சு ஒரு மட்டையை வீட்டில இருந்து எறிஞ்சாலும் காணும்.


முல்லைமகள் எழுதியது:

அண்ணை, உடன எழும்பிப் போய்ப் பார்த்தன். டைக்குளோபெனக் 50, நாளுக்கு ரெண்டு. அம்மா பிரசர் குளிசையும் போடுறவ. கிளினிக்கில தந்தது முடிஞ்சு, போன மாதம் நான்தான் கடையில வாங்கிக் குடுத்தனான்.


நடைவண்டி எழுதியது:

நான் கிளிநொச்சிப் பக்கம் இயன்மருத்துவரா வேலை செய்யிறன். முல்லைமகள், முதல் வேலை: இந்தக் கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. பிரசர் குளிசை போடுறதையும், டைக்குளோபெனக் எவ்வளவு நாளாப் போடுறா எண்டதையும் மறைக்காமச் சொல்லுங்கோ. சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியற்றினின் இரத்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கோ. பிரசர் குளிசை சிலதோட இந்த நோக் குளிசை சேர்ந்தா சிறுநீரகத்துக்குக் கூடாது. பிரசரும் ஏறும். பிரசர் குளிசையை மட்டும் நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ.

இன்னொண்டும் கவனியுங்கோ. விடிய இறுக்கம் அரை மணித்தியாலத்துக்குள்ள இளகிறது இந்தத் தேய்வின்ர குணம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டா, கைவிரல் மூட்டுகளும் ரெண்டு கையிலயும் வீங்கினா, அது வேற வருத்தம், வேற மருந்து. நீங்கள் எழுதினதைப் பார்க்க அம்மாவுக்குத் தேய்வு போலத்தான் கிடக்குது.

இனி என்ர வேலைக்கு வாறன். கசியிழையத்தில நரம்பு இல்லை எண்டு நுணுக்குக்காட்டி எழுதினா. அப்ப ஏன் நோகுது? சுத்தி இருக்கிற எலும்பும், மூட்டின்ர உறையும், தசையும்தான் நோகுது. எக்ஸ்ரேயில மோசமாத் தேஞ்ச ஒராள் சைக்கிள் ஓடிக்கொண்டு திரியிறதையும், கொஞ்சமாத் தேஞ்ச ஒராள் படுத்த படுக்கையா இருக்கிறதையும் நான் ஒரே நாளில கண்டிருக்கிறன். அந்த ரெண்டு பேரிலயும் முதல் நான் தொட்டுப் பார்க்கிறது தொடையின்ர முன் தசை. அது வத்தினா ஒவ்வொரு அடியும் மூட்டிலதான் போய் விழும்.

அம்மாவுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ. கை வைக்காத உயரமான கதிரை ஒண்டைச் சுவரோட அணைச்சுப் போடுங்கோ, வழுக்கக் கூடாது. அம்மா நுனியில இருந்து, கையை நெஞ்சில கட்டிக்கொண்டு எழும்பி நிக்க வேணும், பிறகு மெதுவா இருக்க வேணும். தொப்பெண்டு விழக் கூடாது, இருக்கிறதுதான் முக்கியம். ஏலாட்டிக் கதிரையில ரெண்டு தலகணி போட்டு உயர்த்துங்கோ. முதல் நாலு தரம் காணும். மற்றது, படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி ஒரு முழம் உயர்த்தி அஞ்சு எண்ணி இறக்கிறது. செய்யேக்க கொஞ்சம் நோகும், அது பரவாயில்லை. அடுத்த நாள் விடியவும் கூடின நோவு நிண்டா எண்ணிக்கையைக் குறையுங்கோ, நிப்பாட்டாதேங்கோ.

"தேஞ்சு போச்சு, இனி நடந்தா இன்னும் தேயும்" எண்டு நம்பி மூலையில இருந்தவைதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. ஆறு மாதம் இருந்திட்டு வருவினம், தொடை ரெண்டும் கயிறு மாதிரி இருக்கும்.


பாலையடி எழுதியது:

கனநாளா வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம்.

எனக்கு 2009 இல இடது கால் முழங்காலுக்குக் கீழ போனது. அப்ப 24 வயது. செயற்கைக் காலோட மேசன் வேலைக்கும் போறனான். இப்ப இருக்கிற நல்ல கால் நோகத் தொடங்கியிருக்கு. டொக்டர் சொன்னார், இழந்த ஆக்களுக்கு மிஞ்சின காலில சுமை கூட, அதால அந்த முழங்கால் வெள்ளனத் தேயும் எண்டு. எனக்கு இருக்கிறது ஒரு முழங்கால்தான் எண்டு நான் கணக்கு வைச்சிருந்தனான். அதுவும் போனா வீட்டில மூண்டு சீவன்.

அந்தச் செசமின் வேற ஆருக்கு உதவாட்டிலும், தேய முதல் எடுத்தா என்னைப் போல ஆக்களுக்கு உதவுமோ? அக்கா உண்மையைச் சொல்லுங்கோ.


நுணுக்குக்காட்டி எழுதியது:

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். "தேய முதல்" என்பதுதான் இந்தத் துறையில் உள்ள எல்லாரும் பிடிக்கப் பார்க்கிற இடம். வலை அறுந்த பிறகு காப்பாற்ற ஒன்றும் இல்லை, அதனால் காயப்பட்ட மூட்டுகளில் கலங்களை முன்கூட்டியே காப்பது என்பது பெரிய ஆசை. மஞ்சளில் உள்ள கேர்கியூமின், பச்சைத் தேயிலையில் உள்ள பொருள்கள், குங்கிலிய வகைப் பிசின் என்று எத்தனையோ தாவரப் பொருள்களைக் கலங்களில் சோதிக்கிறார்கள், பலதும் தட்டில் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் மனிதரில் தேய்வை நிறுத்துகிறது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்து, தாவரத்தில் இருந்தும் இல்லை, தொழிற்சாலையில் இருந்தும் இல்லை. உலகத்தில் 2019 இல் 52 கோடிக்கு மேல் ஆட்களுக்கு இந்த வருத்தம் இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருந்தும் அப்படி ஒரு மருந்து இல்லை. உங்களிடம் ஆசை காட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை.


நடைவண்டி எழுதியது:

பாலையடி, உங்கட செயற்கைக் காலை கடைசியா எப்ப அளந்தவை? இப்ப கழட்டி வைச்சிட்டு உங்கட வலது செருப்பைப் பிரட்டிப் பாருங்கோ. குதியின்ர வெளிப்பக்கம் மட்டும் சாய்வாத் தேஞ்சிருக்கோ?


பாலையடி எழுதியது:

ஓம் அண்ணை. உள்பக்கம் புதுசு மாதிரி, வெளிப்பக்கம் சப்பட்டையா ஓட்டை விழப் போகுது. கால் செய்து ஆறு வருசம். இப்ப உள்ளுக்க ரெண்டு காலுறை கூடப் போட்டுத்தான் இறுக்கிறனான்.


நடைவண்டி எழுதியது:

அப்ப முழங்காலுக்குக் கீழ மிஞ்சின கால் தண்டு வத்தியிருக்கு. நீங்கள் உள்ளுக்க கீழ இறங்கி நிக்கிறியள், கால் கட்டையாப் போயிருக்கும். அரை அங்குல வித்தியாசமே காணும், ஒவ்வொரு அடியிலயும் வலது முழங்கால் கோணலா வாங்கும். கப்சூலுக்கு முதல் அதைத் திருத்த வேணும். தனித் தகவலில நான் இருக்கிற இடத்தை எழுதுறன், வாங்கோ, அளந்து பார்ப்பம். மேசன் வேலையில சீமெந்துப் பையைத் தூக்கிறதை மட்டும் வேற ஆளிட்டக் குடுக்கப் பாருங்கோ.


செக்கடி எழுதியது:

எங்கட குடும்பம் ஐயா காலத்தில இருந்து எண்ணெய் ஊத்துறது. நுணுக்குக்காட்டியிட்ட ஒண்டு கேக்க வேணும். அந்தச் செசமின் எண்ணெயோட வருமோ, பிண்ணாக்கில தங்குமோ? பத்துக் கிலோ எள்ளுக்கு எங்களுக்கு நாலு லீற்றர் மட்டில வரும், மிச்சம் பிண்ணாக்கா மாட்டுக்குப் போகும். வந்த எண்ணெய் கலங்கலா நுரையோட நிக்கும், நாலைஞ்சு நாள் வெயிலில வைச்சாத்தான் மண்டி கீழ இறங்கித் தேன் நிறத்துக்குத் தெளியும். வெயிலில வைக்கேக்க அது அழிஞ்சு போகுமோ?


நுணுக்குக்காட்டி எழுதியது:

ஐயா, செசமின் எண்ணெயில் கரைகிற பொருள், அதனால் பெரும்பகுதி எண்ணெயோடுதான் வரும். பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய் மிஞ்சுகிறதோ அதோடு கொஞ்சம் தங்கும். வேறு சில பொருள்களைப் போலச் சூட்டுக்கு லேசில் அழியாது, வறுத்தாலும் பெரும்பாலும் நிற்கும். கூட இருக்கிற செசமோலின் என்பது வறுக்கும்போது செசமோலாக மாறும். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போலக் கெதியில் காறல் எடுக்காமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெயைத் தொழிற்சாலையில் அமில மண்ணால் வெளுக்கும்போதுதான் செசமினில் ஒரு பங்கு எபிசெசமின் என்று மாறுகிறது. கப்சூல்கள் பலவற்றில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி அந்த இரண்டும் கலந்துதான் இருக்கும். உங்கள் செக்கு எண்ணெயில் இருப்பது மாறாத செசமின்.


கரைச்சியான் எழுதியது:

ஒரு கேள்வி. மஞ்சளும் இப்பிடித்தானோ, இல்லாட்டி அதுக்குக் கூட ஆதாரம் இருக்கோ? வீட்டில ரெண்டும் இருக்கு.


நுணுக்குக்காட்டி எழுதியது:

நோவுக்கு மஞ்சளில் ஆதாரம் கூடத்தான். தாய்லாந்தில் 367 பேரை வைத்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு நாலு கிழமை எடுத்தவர்களுக்கு இபுபுரோபன் என்ற நோவுக் குளிசை எடுத்தவர்கள் அளவுக்கு நோவு குறைந்தது, வயிற்றுக் கரைச்சலும் குறைவு. ஆனால் அது செறிவாக்கிய சாறு, கறிக்குப் போடுகிற கரண்டி மஞ்சள் இல்லை. கசியிழையத்தைக் காத்தது என்று அதுவும் காட்டவில்லை.

எள்ளைப் பற்றி முல்லைமகளுக்கு இன்னும் இரண்டு சொல்ல விட்டுப்போனேன். 40 கிராம் எள்ளு என்றால் நாலு மேசைக்கரண்டிக்கு மேல், அதில் 230 கலோரி மட்டில் இருக்கிறது. சோற்றோடு மேலதிகமாகச் சேர்த்தால் உடம்பு வைக்கும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழுகிற சுமை நாலு கிலோ மட்டில் குறையும், கூடினாலும் அதே கணக்குத்தான். ஆகவே தேங்காய்ச் சம்பலில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் எள்ளைப் போடுங்கோ. மற்றது, தோலோடு சாப்பிடுங்கோ. எள்ளின் கல்சியம் பெரும்பாலும் தோலில்தான். சிலருக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாது, தடிப்பு எழும்பும், மூச்சு இறுகும். அம்மா காலமெல்லாம் சாப்பிட்டவ என்பதால் அந்தப் பயம் குறைவு.


முல்லைமகள் எழுதியது:

ஆறு கிழமை கழிச்சு எழுதுறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கிளினிக்குக்குப் போனம். டைக்குளோபெனக்கை நிப்பாட்டச் சொல்லிப் போட்டு, தேவையெண்டா மட்டும் பனடோலும் பூசுற மருந்தும் தந்தவை. கிரியற்றினின் பிழையில்லை, மூண்டு மாதத்தால திரும்பப் பார்ப்பினம். பண்டாரிகுளம் அண்ணை, நீங்கள் எழுதாட்டி நான் இந்த மாதமும் அந்த மட்டையை வாங்கிக் குடுத்திருப்பன். உங்கட ஐயாவை நினைச்சு அம்மா கோயிலில விளக்கு வைச்சவ.

கதிரையில இருந்து எழும்பிறது முதல் நாள் மூண்டு தரம், அதுவும் ரெண்டு தலகணியோட. இப்ப தலகணி இல்லாமப் பன்னிரண்டு. விடிய நிலையைப் பிடிச்சு நிக்கிறது இன்னும் இருக்கு, ஆனா நேரம் குறைஞ்சிட்டுது. மாமாவோட கதைச்சன். கப்சூல் வேண்டாம், குந்துற கக்கூசுக்குப் பதிலாக் கொமட் வைக்க உதவி செய்யுங்கோ எண்டு கேட்டன். உடன ஓமெண்டிட்டார், போன கிழமை வைச்சாச்சு.

எள்ளும் விடேல்லை. வறுத்து, உழுத்தம்மாவும் கொஞ்சம் பனங்கட்டியும் சேர்த்து இடிச்சு வைச்சிருக்கிறன், நாளுக்கு ஒரு உருண்டை. எதால சுகம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது, பயிற்சியாலதான் கூட எண்டு நினைக்கிறன். அம்மா எள்ளாலதான் எண்டு சொல்லுறா. நேற்று வாங்கில இருந்தபடி மடியில சுளகை வைச்சு, மிச்சம் கிடந்த அரை மூட்டையையும் புடைச்சு முடிச்சிட்டா. காத்து இல்லாத நேரம் பார்த்துச் சப்பி பறக்க ஊதிக்கொண்டும் இருந்தா.

நடைவண்டி அண்ணை, ஒண்டு மட்டும் கேக்க வேணும். தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நிக்கிறா. வலதுதான் கூட நோகிற கால். படி ஏறேக்க எந்தக் காலை முதல் வைக்கிறது?


நடைவண்டி எழுதியது:

ஏறேக்க இடது முதல், இறங்கேக்க வலது முதல். பொல்லு பிடிக்கிறதெண்டா இடது கையில, அதாவது நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில. வலது காலும் பொல்லும் ஒண்டாப் போக வேணும். இறங்கேக்க நீங்கள் அவவுக்கு ஒரு படி கீழ, முன்னுக்கு நிண்டு இறங்குங்கோ. சனம் கூடாத நேரமாப் பார்த்துப் போங்கோ.


பாலையடி எழுதியது:

அண்ணை, போன கிழமை அளந்த கால் சரி. முக்கால் அங்குலம் கட்டையா இருந்ததெண்டதை வீட்டில ஒருத்தரும் நம்பேல்லை. புதுச் செருப்பு வாங்கினனான், ஒரு மாதம் கழிச்சுப் பிரட்டிப் பார்த்து எழுதுறன்.